நாலு பூமழையும் ஒரு செல்வியும்

என் தங்கமே, என் வயித்தெரிச்சலே, அக்கா,

நீ போய் பத்து மாசம் ஆச்சு. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதலை. எழுத ஒக்காந்தா சண்டை போடற மாதிரிதான் வரும்னு தெரியும், அதான். ஆனா போன ஞாயித்துக்கெழமை தம்பி ஊட்டுல ஒரு காரியம் நடந்துபோச்சு. அதை உன்கிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்றது? நாலு பேர் படிச்சாலும் படிக்கட்டும். உன் விஷயத்துல எனக்குன்னு தனியா எதை விட்டு வெச்சே, இதை மட்டும் நான் மறைச்சு வெக்க?

முதல்ல இங்கத்த நெலவரத்தைச் சொல்றேன். நம்ம கொட்டச்சேடு அங்கன்வாடில இப்ப மொத்தம் நாலு பூமழை. ரெண்டு பேர் பாய்ல ஒக்காந்து சுண்டல் திங்கறாங்க. மத்த ரெண்டும் நீ போனப்புறம் பொறந்த கைக்குழந்தைங்க, மாசாமாசம் எடை பாக்கத் தூக்கிட்டு வர்றாங்க. நான் செல்போன்ல பேரெல்லாம் ஏத்தி அனுப்பினா, சூப்பர்வைசரம்மா உடனே போன் போடறாங்க.

“ஏம்மா செல்வி, ஒரே குழந்தையை நாலு தடவை ஏத்தியிருக்கீங்களே, பாக்கறதில்லையா?”

“இல்லீங்க மேடம். நாலும் வேற வேற குழந்தைங்க.”

“நான் எங்கயுமே கேள்விப்படாத பேரா இருக்கு. அதுவும் ஒரே ஊர்ல நாலா?”

அது எங்கக்கா பேருங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. “இங்க அப்படித்தானுங்க வெக்கறாங்க”ன்னு சொல்லி போனை வெச்சிட்டேன். ஏன்டி சொல்லலைன்னு நீ கேப்பே. வயித்தெரிச்சல்தான், வேற என்ன? பதினெட்டு வருஷமா ரிஜிஸ்தர் எழுதறேன், அதுல ஒரே ஒரு செல்வி கூட எழுதினதில்லை. ஹர்ஷிதா வந்துச்சு, தன்விகா வந்துச்சு, என் வாயில நுழையாத பேரெல்லாம் வந்துச்சு. செல்வி மட்டும் வரலை. நாங்க படிக்கும்போது ஒரே பெஞ்சுல மூணு செல்வி இருந்தோம். அந்தப் பேரு எங்களோட தீந்துபோயிரும் போல இருக்குது.

உன் பேரு வந்த கதை உனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா ஒட்டுக் கேக்கற நாலு பேருக்குத் தெரியோணுமே, அதனால சொல்லிடறேன். பூமழைன்னா எங்கள மாதிரி காப்பி எஸ்டேட்டுல பொறந்தவங்களுக்குத்தான் தெரியும். மாசி கடைசியிலயும் பங்குனியிலயும் பெய்யற மழை அது. அது விழுந்தாத்தான் காப்பிச் செடியில மொட்டு விரியும். விழலைன்னா மொட்டு அப்படியே கருகிரும். அந்த வருஷம் பழம் இல்லை, பழம் இல்லைன்னா வேலை இல்லை.

நீ பொறந்த வருஷம் பங்குனி பாதி போயும் ஒரு சொட்டு விழலை. எஸ்டேட் லைன் ஊடுங்கள்ல இருக்கறவங்கள்ல பாதிப் பேரை மலைக்குக் கீழ அனுப்பிடப் போறாங்கன்னு பேச்சு. சாமான் சட்டியெல்லாம் மூட்டை கட்டிட்டாங்களாம். அம்மாவுக்கு வலி கண்ட அன்னிக்கு மத்தியானம், கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சாம். லைன்ல இருந்த அத்தனை பேரும் வெளிய ஓடி நனையறாங்க. பிரசவம் பாக்க வந்த மருத்துவச்சியும் ஓடிட்டா. “நான் உள்ள கெடந்து கத்தறேன், ஒருத்தி திரும்பிப் பாக்கலை, உங்கப்பன் முதக்கொண்டு மழையில நின்னு ஆடறான்”னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிச்சு.

பத்து நாள் கழிச்சு மலை பூரா வெள்ளை வெளேர்னு பூத்திருக்குது. அப்பத்தான் எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டர் புஸ்தகத்தைத் தூக்கிட்டுப் பேரு எழுத வந்தார். பூமழைன்னு எழுதுங்கன்னு அப்பா சொல்ல, “அது மழைக்குப் பேருடா, புள்ளைக்கு ஒரு பேரு சொல்லு”ன்னு சிரிச்சாராம். அப்பா, ரைட்டர் முன்னாடி தலையே நிமிராத மனுஷன், அன்னிக்கு மட்டும் அசையலை. “அதாங்க புள்ளை பேரு. எழுதுங்க.” அந்த மலையில அதுக்கு முன்னாடி யாருக்கும் அந்தப் பேர் இல்லை.

நான் பொறந்தது ஐப்பசி. அப்பவும்தான் மழை பேஞ்சுது, அதுக்கு யாரும் ஆடலை. அப்பா வேலைக்குப் போயிட்டார். ரைட்டர் வாசல்ல நின்னபடியே, “பொண்ணா? சரி, செல்வின்னு போட்டுக்கறேன்”னு எழுதிட்டு நடந்துட்டார். நாலு வருஷத்துல அப்பாவுக்குப் பேரு தீந்துபோச்சா அக்கா? ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கேட்டிருக்கோணும்.

பள்ளிக்கூடத்துல அஞ்சு வகுப்புக்கும் ஒரே ஹால். புது டீச்சர் யார் வந்தாலும் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது உன் பேர்ல ஒரு நிமிஷம் நிப்பாங்க. “பூமழையா? யாரும்மா அது, எழுந்திரு பாக்கலாம்.” நீ எந்திரிப்பே, ரெட்டை ஜடையை முன்னாடி இழுத்து விட்டுக்கிட்டு. உன்கிட்டக் கதை கேப்பாங்க. நீ சொல்லுவே, அப்பா மழையில ஆடினது வரைக்கும். செல்வின்னு கூப்பிட்டா நாங்க மூணு பேர் எந்திரிப்போம். அதுல நான் மூக்கொழுகி செல்வி. என் கல்யாணப் பத்திரிக்கையில கூட ‘திருவளர்செல்வி செல்வி’ன்னு எழுதிக் குடுத்தா, அச்சாபீஸ்காரன் ஒண்ணு கூடுதலா விழுந்துருச்சுன்னு அதை அடிச்சு விட்டுட்டான். கடைசியில ‘திருவளர்செல்வி’ன்னு மட்டும் வந்துச்சு. யாரோ ஒரு பொண்ணுக்குக் கல்யாணம். நீ அதைப் பாத்துட்டு வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சே. நான் ரெண்டு நாள் உன்கிட்டப் பேசலை.

அப்புறம் அந்த ஜீப். மாமா உன்னை விட்டுட்டு எவளோ ஒருத்தியோட ஓசூருக்குப் போனப்ப, அவர் செஞ்ச ஒரே நல்ல காரியம் ஜீப்பை நம்ம வாசல்ல விட்டுட்டுப் போனதுதான். நீ மூலையில ஒக்காந்து அழுவேன்னு நான் சோறாக்கிக் கொண்டு வந்தா, நீ எஸ்டேட் டிரைவரைப் புடிச்சு கிளட்ச் எது பிரேக் எதுன்னு கேட்டுட்டு இருந்தே. ஒரே வருஷத்துல அந்த வளைவெல்லாம் ஒத்தக் கையில திருப்பினே. எனக்குச் சந்தோஷந்தான். கூடவே சுருக்குன்னு இருந்துச்சு. உனக்கு ஆறுதல் சொல்றதுக்குக் கூட எனக்கு ஒரு சந்தர்ப்பம் குடுக்கலை பாரு.

செம்மநத்தம் ரோடு உனக்குத் தெரியாததா? ஆம்புலன்ஸ் பாதியில நின்னுரும். அதுக்கு மேல புள்ளத்தாச்சியைக் கட்டில்ல வெச்சுத்தான் தூக்கிட்டு வரோணும். நீ மேல வரைக்கும் ஜீப்பை ஏத்தினே. மல்லிகாவுக்கு வழியிலேயே, சில்வர் ஓக் மரத்தடியில, உன் பின் சீட்டுலயே பொறந்துச்சே, அந்தப் பொண்ணுக்குத்தான் முதல்ல உன் பேரை வெச்சாங்க. அவ இப்ப எட்டாவது படிக்கறா. அதுக்கப்புறம் இங்க ரெண்டு, கரடியூர்ல ஒண்ணு. வியூ பாயிண்ட் பாக்க வந்து கார் நின்னுபோன பெங்களூருக்காரங்களை ஏற்காடு வரைக்கும் கொண்டு விட்டியே, அவங்க கூட வாட்ஸப்புல போட்டோ அனுப்பினாங்க. குண்டா ஒரு பாப்பா, பேரு பூமழையாம். கன்னடத்துக்காரங்க வாயில அது என்ன பாடு படுதோ. நீ அந்தப் போட்டோவை ஊர் பூரா காட்டினே. எனக்கு ரெண்டு தடவை காட்டினே.

எல்லாருக்கும் ஓடினே அக்கா. என் ரெண்டாவது பிரசவத்துக்கு எங்க போயிருந்தே? வலி வந்ததும் உனக்குத்தான் போன் போட்டேன். நீ செம்மநத்தத்துல யாரையோ ஏத்திட்டு இருந்தே. நான் காலையில பஸ்ல, கம்பியைப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மறுநாள் ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிட்டு வந்து, “உனக்கு என்னடி, நான் இருக்கேன்ல?”ன்னே. இருந்தியா? அந்தக் கேள்வியை வாய்க்குள்ளயே வெச்சிக்கிட்டேன். பதினேழு வருஷமா அங்கயேதான் இருக்குது.

நீ செத்த அன்னிக்கு நடந்ததையும் சொல்லிடறேன். நெஞ்சு வலின்னு ஒக்காந்தவ எந்திரிக்கலை. ஊரு ஊரா வந்துட்டாங்க. வாசல்ல நிக்க எடமில்லை. அக்கா, அக்கான்னு எல்லாரும் அடிச்சிக்கிட்டு அழறாங்க. நான் தண்ணி கொண்டாரப் பின்கட்டுக்குப் போயிட்டு வந்தா, உள்ள போக முடியலை. கூட்டத்தை விலக்கிட்டுப் போனா மல்லிகா என் தோளைப் புடிச்சுத் தள்ளறா. “ஏனுங்க, கொஞ்சம் நவுருங்க, நான் எங்கக்கா மூஞ்சியைப் பாக்கோணும்.” எங்கக்காவாம். நான் நவுந்து செவுத்தோரமா நின்னேன் அக்கா. எனக்கு அழுகையே வரலை. கோவந்தான் வந்துச்சு, உன் மேல.

அங்கன்வாடியில உன் பேரு வெச்ச குழந்தைங்களை நான் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை. ஒருத்தியை கண்ணும்பேன், ஒருத்தியை சாமிம்பேன். சின்னவளோட அம்மா ஒரு நாள் கேட்டே போட்டா: “ஏனுங்க டீச்சர், ஆசை ஆசையாப் பேரு வெச்சிருக்கறோம், நீங்க மட்டும் கூப்பிட மாட்டீங்கறீங்க?” வாயில வர்றதில்லை போம்மான்னேன். வேணும்னேதான் கூப்பிடறதில்லைன்னு நானும் நெனச்சிட்டு இருந்தேன். ஊரே கொண்டாடற பேருக்கு நான் வேற மேளம் அடிக்கோணுமான்னு.

இப்ப தம்பி விஷயத்துக்கு வர்றேன். முருகேசனுக்கும் சுதாவுக்கும் பொண்ணு பொறந்திருக்குது அக்கா. கல்யாணமாகி எட்டு வருஷம் கழிச்சு. நீ இருந்திருந்தா ஹாரனை அழுத்திக்கிட்டே மலை பூரா சுத்தியிருப்பே. எனக்கும் தலை கால் புரியலை. அவனுக்கு ஒரு பொண்ணு பொறக்கோணும்னு நான் எத்தனை நாள் காத்திருந்தேன்னு உனக்கே தெரியும். அவன் கல்யாணத்தன்னிக்குப் பந்தியில எல்லார் முன்னாடியும் சொன்னானே, “பொண்ணு பொறந்தா எங்க சின்னக்கா பேருதான்”னு? நீயும் பக்கத்துல நின்னே. நீங்க எல்லாம் காப்பி பறிக்கப் போயிட்டா அவனை இடுப்புலயே வெச்சுத் திரிஞ்சவ நான். எனக்கு ரெண்டும் பசங்க. செல்விங்கற பேரு மிஞ்சினா அவன் ஊட்டுலதான் மிஞ்சோணும்.

பேரு வெக்கறதுக்கு நாலு நாள் முன்னாடி என் ஊட்டுக்கு வந்தான். வந்தவன் காப்பியைக் குடிக்காம டம்ளரைச் சுத்திட்டே இருந்தான். எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு.

“சின்னக்கா, கோவிச்சிக்காத. பெரியக்கா பேரை வெக்கலாம்னு இருக்கறோம்.”

“எனக்குக் குடுத்த வாக்கு?”

“குழந்தைக்காக ஆஸ்பத்திரிக்குன்னு சுதாவை எத்தனை தடவை சேலத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு பெரியக்கா. மலை எறங்கறதுக்குள்ள அவ வாந்தி எடுப்பா, நிறுத்தி நிறுத்திக் கூட்டிட்டுப் போகும். அந்தப் பேரை வெக்கலைன்னா எனக்கு மனசு ஆறாது.”

“மலை பூரா அந்தப் பேருதான் இருக்குதே! தடுக்கி விழுந்தா ஒரு பூ... ஒருத்தி மேலதான் விழோணும். நீயும் ஏன்டா?”

“ஊர்ல எல்லா ஊட்டுலயும் இருக்குது. அது பொறந்த ஊட்டுல இல்லையே?” அப்படின்னான். அப்புறம் தலையைக் குனிஞ்சிக்கிட்டு, “உன் பேருக்கு நீ இருக்கறே. ரெண்டு பசங்க இருக்கறாங்க. அதுக்கு யார் இருக்கறா சின்னக்கா?”

நல்லாப் பேசக் கத்துக்கிட்டான். நான் வரமாட்டேன் போடான்னு கத்தினேன். மறுநாள் சுதா போன் போட்டு அழறா. “அண்ணி, பெரிய அண்ணியும் இல்லை. நீங்கதானுங்க அத்தை. நீங்க வந்து காதுல சொன்னாத்தான் அது பேரு.” குழந்தையோட காதுல மூணு தடவை பேரைச் சொல்றது அத்தைதானே நம்ம ஊட்டுல. நீ இருந்திருந்தா மூத்தவ, நீதான் சொல்லியிருப்பே. இப்ப நான். செத்தும் எனக்கு வேலை வெக்கறே பாரு.

அப்பத்தான் எனக்கு அந்தத் திருட்டு யோசனை வந்துச்சு. காதுல சொல்றது யாருக்குக் கேக்கப் போகுது? மூணு தடவையும் செல்வின்னு சொல்லிடறது. நிமிந்து எல்லாருக்கும் கேக்கற மாதிரி உன் பேரைச் சொல்லிடறது. ஊருக்கு உன் பேரு இருக்கட்டும். அந்தக் குழந்தை இந்த ஒலகத்துல முதல்ல வாங்கின பேரு என்னுது. நெனைக்க நெனைக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். சிரிச்சிக்கிட்டே அரைஞாண் கயிறும் வெள்ளிக் கொலுசும் வாங்கி வெச்சேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாப் பாத்தார்.

ஞாயித்துக்கெழமை போனேன். முன் ரூம் நெறைய சனம். மல்லிகாவும் வந்திருந்தா, மவளையும் கூட்டிட்டு. அரைஞாண் கட்டி, கொலுசு போட்டு, குழந்தையை மடியில வாங்கினேன். மூக்கு அப்படியே உன் மூக்கு. அதையும் நீயே எடுத்துக்கிட்டியா? வலது காதுகிட்டக் குனிஞ்சேன். சுதாவுக்குக் கேட்டுரக் கூடாதுன்னு கையை வெச்சு மறைச்சிக்கிட்டேன். செல்வின்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன், நெஜமா.

“அக்கா”ன்னு வந்துச்சு.

எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. சரி, அடுத்த தடவை ஒழுங்காச் சொல்லுவோம்னு பாத்தா, மறுபடியும் அக்கா. மூணாவதும் அதேதான். அந்த மூக்கைப் பாத்துக்கிட்டு என் வாய்க்கு வேற எதுவும் வரலை. பொறந்ததுல இருந்து உன்னை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கெடையாதே அக்கா? மூத்தவளை எவ பேர் சொல்லுவா? யாராவது கேட்டாக் கூட எங்கக்கான்னுதான் சொல்லியிருக்கேன். தம்பிக்கு நீ பெரியக்கா. எனக்கு வெறும் அக்கா. அத்தை வாயால அக்கான்னு பேர் வாங்கின குழந்தை இந்த மலையிலேயே அவ ஒருத்தியாத்தான் இருப்பா. அவ பாட்டுக்குக் கொட்டாவி விட்டா.

“ஆச்சா சின்னக்கா? சத்தமாச் சொல்லு”ங்கறான் தம்பி. எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க. “பூமழை”ன்னேன். நாப்பத்தஞ்சு வருஷத்துல அதுதான் முதல் தடவை. எல்லாரும் கை தட்டினாங்க. நான் குழந்தையைச் சுதாகிட்டக் குடுத்துட்டுப் பின்கட்டுக்குப் போயி, தண்ணித் தொட்டிகிட்ட ஒக்காந்து அழுதேன். நீ செத்த அன்னிக்கு வராத அழுகையெல்லாம் வந்துச்சு. மல்லிகா பின்னாடியே வந்து நின்னா. “அழுவாதீங்க, எங்களுக்கும் அக்காதானுங்களே”ன்னா.

அந்த வார்த்தைதான் அக்கா. அங்கதான் எனக்கு எரியுது. உன் பேர் மேல பொறாமைன்னு இத்தனை வருஷம் என்னையே நான் ஏமாத்திக்கிட்டேன். எனக்குன்னு இருந்தது நீ ஒருத்தி. உன்னைத்தான் ஊரே பங்கு போட்டுக்கிச்சு. நீயும் சிரிச்சிக்கிட்டே பங்கு குடுத்தே. அதை நான் இன்னும் மன்னிக்கலை. மன்னிச்சுட்டேன்னு பொய் சொன்னா நீயே நம்ப மாட்டே.

ஆனா ஒரு சத்தியம் பண்றேன், கேட்டுக்கோ. நாளைக்கு அங்கன்வாடியைத் தொறந்ததும் அந்தக் குழந்தைங்களை வாய் நெறையப் பேர் சொல்லிக் கூப்பிடறேன். நம்மூட்டுக் குட்டி வந்தாலும் கூப்பிடறேன். சூப்பர்வைசரம்மா கேட்டா உன் கதையைச் சொல்றேன், அப்பா ஆடினது வரைக்கும். அந்தப் பேரை ஊருக்கே விட்டுட்டேன், எடுத்துக்கட்டும். ஆனா இனிமே நான் யாரையும் அக்கான்னு கூப்பிட மாட்டேன். ரேஷன் கடையிலயோ பஸ்லயோ என்னைவிட மூத்தவ யார் வந்தாலும் ஏனுங்கன்னுதான் கூப்பிடுவேன். திமிர் புடிச்சவள்னு சொன்னாச் சொல்லிக்கட்டும். அதுல மட்டும் யாருக்கும் பங்கு கெடையாது.

எத்தனை பேருக்கு நீ அக்காவா இருந்தாலும்
உன் கூடப்பொறந்த ஒரே தங்கச்சி,
செல்வி